நடுவில் வந்து நின்ற னகரம்

நிகண்டு மனப்பாடம் செய்வதற்கான நூல். அகராதி தேடிப் பார்ப்பதற்கான நூல். இரண்டிலும் இருப்பவை சொற்களும் அவற்றின் பொருளும்தான். ஆனால் நிகண்டில் தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் செய்யுளில் தொகுத்திருப்பார்கள். முழு நூலையும் நெஞ்சில் ஏற்றி வைத்தவருக்கே அது கைகொடுக்கும். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை எழுத்து வரிசையில் அமைத்தபோது, நூலை முன்பின் பார்த்திராதவரும் வேண்டிய சொல்லைப் புரட்டி எடுக்க வழி பிறந்தது. அந்த வசதியைத் தந்தது வரிசை. அகரத்தை ஆதியாக உடையது என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. வரிசை குலைந்த அகராதியில் எல்லாச் சொற்களும் இருக்கும், எதுவும் கிடைக்காது. கணினித் தரவுத்தளங்களின் நிலையும் இதுதான். ஒரு தரவுத்தளத்தை எந்த விதிப்படி வரிசைப்படுத்தினோம் என்ற செய்தி அதன் தரவைப் போலவே முக்கியமானது. ஆனால் நடைமுறையில் தரவு ஒரு கோப்பில் இருக்கிறது, விதி வேறெங்கோ ஒரு மென்பொருளுக்குள் இருக்கிறது. இந்தப் பிரிவினால் விளையும் கோளாறுகள் பல. விதியையும் தரவோடு சேர்த்தே அனுப்புவதுதான் அவற்றுக்கு மாற்று.

முதலில் நம் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்று தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் முதல் நூற்பா வரையறுக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டையிலும் கடைசி வரிசை னகரத்தினுடையதுதான். கணினிக்குள் மட்டும் னகரம் நடுவில், நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. காரணம், கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டது. இஸ்கி எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் அடுக்கியது. தேவநாகரியில் இல்லாத ன, ற, ழ ஆகியவற்றை அவற்றுக்கு நெருக்கமாகத் தோன்றிய ந, ர, ள ஆகியவற்றின் பக்கத்தில் செருகியது. அதனால் குறியெண் வரிசை ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் புகுந்துகொண்டது. ஆய்தம் அகரத்துக்கும் முன்னால் போய்விட்டது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருகிறது.

இதன் விளைவை நாலைந்து சொற்களிலேயே காணலாம். கணினியைக் குறியெண் வரிசையில் அடுக்கச் சொன்னால் மனம் முதலிலும் மரம் அடுத்தும் வரும். தமிழ் அகராதியில் மரம் முன், மனம் பின். அவலுக்கு முன்னால் அழகு வந்து நிற்கும். அலைக்கு முன்னால் அறம் வந்துவிடும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முந்தும் என்பதால் நம் அகராதிகளில் பக்கம் என்ற சொல் பகலுக்கு முன்னால் இருக்கும். குறியெண் வரிசையிலோ பகல் முந்திக்கொள்ளும். இவை போதாதென்று, ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆட்பெயர்கள் என்று வந்தால் சிக்கல் இன்னும் கூடும். தலைப்பெழுத்தோடு எழுதப்படும் ‘கு. அழகிரிசாமி’ என்ற பெயரைக் ககரத்தில் வைப்பதா, அகரத்தில் வைப்பதா? ‘ஸ்ரீ’ எந்த இடத்தில் வரும்? இவற்றுக்கெல்லாம் ஒரு நூலகமோ பதிப்பகமோ தனக்கென்று ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளின் தொகுப்பைத்தான் வரிசை விதி என்கிறோம். தரவுத்தளத் துறையில் கொலேஷன் என்பார்கள்.

தரவுத்தள மென்பொருள்கள் இப்படிப்பட்ட சொந்த விதிக்கு இடம் கொடுக்கின்றன. உலகில் மிகப் பரவலாக இருப்பவற்றுள் ஒன்றான எஸ்க்யூலைட்டைப் பார்ப்போம். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இந்தச் சிறு மென்பொருள் ஒவ்வொரு ஆண்ட்ராய்ட் கைபேசியிலும், உலாவிகளிலும், கணக்கற்ற செயலிகளிலும் உள்ளே இருந்து வேலை செய்கிறது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. நகலெடுத்து எங்கும் கொண்டுபோகலாம். அதில் பிறவியிலேயே உள்ள வரிசை விதிகள் மூன்றுதான். ஒன்று குறியெண்களை அப்படியே ஒப்பிடும், ஒன்று ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் மட்டும் பெரிய சிறிய வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, மூன்றாவது சொல்லின் கடைசியில் உள்ள இடைவெளியை விட்டுவிடும். இவை போதாதவர்கள் இரண்டு சொற்களை வாங்கி எது முன், எது பின் என்று சொல்லும் ஒரு நிரலை எழுதி, அதற்கு ஒரு பெயர் சூட்டி, மென்பொருளிடம் பதிவு செய்யலாம். அதன் பிறகு அட்டவணையின் ஒரு செங்குத்துப் பத்தியைச் சுட்டி, ‘இந்த நிரல்வரிசை இந்த விதிப்படி அடுக்கப்படும்’ என்று அட்டவணையிலேயே குறித்துவிடலாம்.

சிக்கல் அந்தப் பதிவில் இருக்கிறது. கோப்புக்குள் எழுதப்படுவது விதியின் பெயர் மட்டும். விதியைச் செயல்படுத்தும் நிரல் அதை எழுதிய செயலியிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் செயலி அதை மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதே கோப்பை வேறொரு கருவியில் திறந்து அந்த நிரல்வரிசையின்படி அடுக்கச் சொன்னால், அப்படி ஒரு வரிசை விதி இல்லை என்று பிழைச் செய்தி வரும். ஆண்ட்ராய்ட் தன் எஸ்க்யூலைட்டில் லோக்கலைஸ்ட் என்ற பெயரில் ஒரு விதியைச் சேர்த்திருக்கிறது. கைபேசியில் ஒழுங்காக ஓடும் தரவுத்தளம் மேசைக் கணினிக்கு வந்ததும் அந்தப் பெயரில் முட்டிக்கொண்டு நிற்கும். குடும்ப வரலாறு தொகுப்பவர்கள் பயன்படுத்தும் ரூட்ஸ்மேஜிக் என்ற மென்பொருள் தன் கோப்பில் ஆர்எம்நோகேஸ் என்ற சொந்த விதியை வைத்திருக்கிறது. தங்கள் குடும்பத் தரவை வேறு கருவியில் அலச விரும்பிய பயனர்கள், அதே பெயரில் ஒரு மாற்று விதியைத் தாங்களே எழுதி இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தரவு அவர்களுடையது, கோப்பு அவர்கள் கையில், ஆனால் வரிசையின் திறவுகோல் மட்டும் இன்னொருவரிடம்.

பிழைச் செய்தி வந்தால் ஒருவகையில் நல்லது. கோளாறு என்று தெரிந்துவிடும். மாற்று விதியை அதே பெயரில் இணைக்கும்போதுதான் ஓசையில்லாத ஆபத்து தொடங்குகிறது. தரவுத்தளம் ஒரு சொல்லைத் தேடும்போது முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. இன்டெக்ஸ் என்ற வரிசைப்பட்டியலை வைத்துக்கொண்டு, நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டு, மறுபடி நடுவில் திறக்கிறது. 10 லட்சம் சொற்கள் இருந்தாலும் 20 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும். தமிழ் விதிப்படி அடுக்கிய ஆறு சொற்கள் ஒரு பட்டியலில் இருப்பதாகக் கொள்வோம்: மணம், மரம், மலர், மழை, மறதி, மனம். இதே பட்டியலில் இன்னொரு கருவி குறியெண் விதியை நம்பி ‘மனம்’ என்பதைத் தேடுகிறது. நடுவில் மலர். குறியெண் கணக்கில் மனம் அதற்கு முந்தியது; ஆகவே இடப்பக்கம் போகிறது. அங்கே மரம். அதற்கும் மனம் முந்தியது, இன்னும் இடப்பக்கம். அங்கே மணம். அதற்குப் பிந்தியது. மணத்துக்கும் மரத்துக்கும் இடையில் எதுவும் இல்லை. ‘மனம் என்ற சொல் பட்டியலில் கிடையாது’ என்று கருவி விடை சொல்கிறது. சொல்லோ பட்டியலின் கடைசியில் பத்திரமாக இருக்கிறது.

கதை அதோடு முடிவதில்லை. ஒரு பெயர் ஒருமுறைதான் இடம்பெறலாம் என்று அந்த அட்டவணைக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தாலும், இல்லாத சொல்லைச் சேர்க்கத் தடை எதுவும் இல்லையே! இரண்டாவது ‘மனம்’ மணத்துக்கும் மரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். இப்போது பட்டியல் தமிழ் விதிக்கும் சரியில்லை, குறியெண் விதிக்கும் சரியில்லை. எந்தப் பதிவும் அழியவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆனாலும் தரவுத்தளம் பழுதாகிவிட்டது. சொற்களின் இடத்தில் நோயாளிகளின் பெயரையோ நிலப் பட்டாதாரர்களின் பெயரையோ வைத்துப் பார்த்தால், வரிசை என்பது திரையழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்ற எண்ணம் நிலைக்காது.

இது சிறு கோப்புகளுக்கு மட்டும் வரும் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் நம்பும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நெடுங்காலம் வரிசை விதியை இயங்குதளத்திடமே இரவல் வாங்கி வந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளியானபோது, பன்னாட்டு வரிசைத் தரத்தின் புதிய வடிவத்துக்கு ஏற்ப விதிகளை மாற்றினார்கள். பழைய பதிப்பில், அமெரிக்க ஆங்கில விதியில், ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் வரும். புதியதில் இடம் மாறிவிட்டது. ஒரு சிறு கோட்டுக்குறியின் மதிப்பு மாறியது, அவ்வளவுதான். ஆனால் டெபியன் 10 போன்ற புதிய லினக்ஸ் வெளியீடுகளுக்கு மாறியவர்களின் தரவுத்தளங்களில் பழைய விதிப்படி கட்டிய இன்டெக்ஸ்கள் அப்படியே இருந்தன. தேடினால் கிடைக்காத பதிவுகளும், தடையை மீறி நுழைந்த இரட்டைப் பதிவுகளும் தலைகாட்டின. முதன்மைக் கணினியில் பழைய லினக்ஸும் அதன் நகல் கணினியில் புதிய லினக்ஸும் இருந்தால், ஒரே தரவு ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் தவறாகவும் விடை தரும். அந்தத் தரவைத் தொட்டவர் யாருமில்லை. அதைப் படிக்கும் விதிதான் அடியில் நகர்ந்தது.

இவ்வளவு வம்பு எதற்கு, யூனிகோடிலேயே எழுத்துகளை ஒழுங்காக அடுக்கிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். ஒருமுறை தந்த குறியெண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி. மாற்றினால் இதுவரை எழுதிய எல்லாக் கோப்புகளும் பாழ். தமிழ் எழுத்துகளை இயல்பான வரிசையிலேயே குறியேற்றும் டேஸ் 16 என்ற முறையைத் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. தமிழின் பொது வரிசைக்கு அது நேர்த்தியான தீர்வுதான். ஆனால் உலகத்தின் கைபேசிகளும் உலாவிகளும் தரவுத்தளங்களும் யூனிகோடில்தான் பேசுகின்றன. அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு: எழுத்துகளுக்கு இயற்கையான ஒரே வரிசை என்று எதுவும் இல்லை. ஜெர்மன் மொழிக்கு அகராதியில் ஒரு விதி, பெயர்ப்பட்டியலில் வேறு விதி என்று அந்நாட்டுத் தரமே இரண்டு வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழிக் கழகங்கள் 1994 வரை இரண்டு இரட்டையெழுத்துகளைத் தனி எழுத்தாக வரிசையில் வைத்திருந்து, பிறகு கைவிட்டன. சுவீடன் அகாதெமியின் சொற்பட்டியல் 2006-இல்தான் ‘டபிள்யூ’வை ‘வி’யிலிருந்து பிரித்துத் தனியிடம் கொடுத்தது. தமிழிலேயே கிரந்த எழுத்துகளையும் தலைப்பெழுத்துகளையும் எங்கே வைப்பது என்பது தொகுப்பவரின் முடிவு. விதி பலவாக இருக்கும், காலத்துக்குக் காலம் மாறும். எனவே அது எழுத்தின் குறியெண்ணில் அடங்காது.

அச்சு அகராதிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. நல்ல அகராதியின் முன்பக்கங்களில், சொற்களை அடுக்கிய முறை பற்றி ஒரு விளக்கம் இருக்கும். ஆய்தம் எங்கே, கிரந்தம் எங்கே என்பதெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கும். புத்தகம் போகும் இடமெல்லாம் அந்தப் பக்கமும் போகும். தரவுத்தளக் கோப்பு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பயணம் செய்கிறது. அதை மறுபடி ஒட்டிவைக்க எளிய வழி ஒன்று உண்டு: வரிசைச் சாவி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு நிரல்வரிசையில், அந்தப் பெயரின் எழுத்துகளுக்கு உரிய வரிசை எண்களை எழுதிவைத்துவிடுவது. தமிழுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. அகரம் 001, ஔகாரம் 012, ஆய்தம் 013. பிறகு ஒவ்வொரு மெய்க்கும் புள்ளியோடு ஒன்று, உயிர்மெய்யாகப் பன்னிரண்டு, ஆகப் பதின்மூன்று இடங்கள். ‘க்’ 014-இல் தொடங்கினால் ‘னௌ’ சரியாக 247-இல் முடியும். கிரந்த எழுத்துகள் 248 முதல் வரட்டும். இந்தக் கணக்கில் மரம் என்பது 132 158 131. மனம் என்பது 132 236 131. இரண்டையும் வெறும் இலக்கங்களாக ஒப்பிட்டாலே மரம் முந்திவிடும். தமிழ் தெரியாத கருவியும், சொந்த விதி எதுவும் பதிவு செய்யாத கருவியும், இந்த நிரல்வரிசையின்படி அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை வந்துவிடும். இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று; யூனிகோடின் வரிசை முறைமையே உள்ளுக்குள் இப்படிச் சாவி உண்டாக்கித்தான் ஒப்பிடுகிறது. ஆண்ட்ராய்டின் தொடர்புப் பட்டியலிலும் பெயருக்குத் துணையாக வரிசைச் சாவி ஒன்று இருக்கிறது.

தரவுத்தளம் வடிவமைக்கக் கற்றவர்கள் உடனே ஒரு மறுப்புச் சொல்வார்கள்: ஒரு செய்தியை ஓரிடத்தில்தான் எழுத வேண்டும், பெயரிலிருந்தே பெறக்கூடியதை மறுபடி எழுதினால் இடமும் வீண், பெயரைத் திருத்திவிட்டுச் சாவியைத் திருத்த மறந்தால் குழப்பமும் வரும். இடத்தைப் பற்றிய கவலைக்குக் கணக்கே விடை சொல்லும். பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே மூன்று மூன்று பைட். சாவியில் ஓர் எழுத்துக்கு மூன்று இலக்கம், அதாவது மூன்று பைட்தான். ஆகவே தமிழ்ச் சொல்லின் சாவி அந்தச் சொல்லைவிட நீண்டுவிட வழியே இல்லை. பத்தெழுத்துப் பெயர்கள் ஒரு லட்சம் இருந்தாலும் சாவிகளுக்கு ஆகும் இடம் கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுதான். திருத்த மறக்கும் கவலை நியாயமானது. ஆனால் இங்கே இரண்டு வகைப் பிழைகளை ஒப்பிட வேண்டும். விதி மறைந்திருக்கும் ஏற்பாட்டில் இன்டெக்ஸ் பழுதானது வெளியே தெரியாது. சாவி தவறாக இருந்தால் அது அட்டவணையில் கண்ணெதிரே இருக்கிறது. மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால் எந்த வரி தவறு என்று விரல் வைத்துக் காட்டலாம். சாவி இல்லாமல் புதிய பெயரைச் சேர்க்கவே கூடாது என்று கட்டுப்பாடும் போடலாம். காணாப் பிழையைக் காணும் பிழையாக மாற்றுவதற்கு ஒரு நிரல்வரிசை அதிகச் செலவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. எல்லா மொழிகளுக்கும் வரிசை விதிகளைத் திரட்டித் தரும் ஐசியு போன்ற பொது நூலகங்கள் இருக்கும்போது, ஆளுக்கொரு சாவி எதற்கு? எல்லாக் கருவிகளும் அதையே பயன்படுத்தினால் போதாதா? பொதுவான பட்டியல்களுக்கு அதுவே நல்ல வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நூலகம் எல்லாக் கருவியிலும் இருக்காது. எஸ்க்யூலைட்டில் அது விருப்ப இணைப்புதான். இருக்கும் கருவிகளிலும் ஒரே பதிப்பு இருக்காது. பதிப்பு மாறினால் விதி மாறலாம் என்பதை ஜிலிப்சி விவகாரம் காட்டியது. போஸ்ட்கிரெஸ் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடங்கள் கவனிக்கத்தக்கவை. எந்தப் பதிப்பின் விதிப்படி அடுக்கினோம் என்பதைக் குறித்துவைத்து, அது மாறினால் எச்சரிக்கிறது. 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில், பயனர் தன் சொந்த விதியை வாசகமாகவே எழுதித் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த 17-ஆம் பதிப்பு, இயங்குதளத்தை நம்பாமல் தனக்குள்ளேயே ஒரு விதியைக் கட்டி வைத்துக்கொண்டது. மூன்றும் ஒரே திசையில் எடுத்து வைத்த அடிகள்: விதி வெளியிலிருந்து தரவுக்கு அருகில் நகர்கிறது. வரிசைச் சாவி அந்தப் பயணத்தின் கடைசிப் படி.

சாவியும் வேண்டாம், விதியும் வேண்டாம், தரவை எப்படியோ வைத்திருந்து திரையில் காட்டும்போது மட்டும் அடுக்கிக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. ஐந்நூறு பெயர்கள் உள்ள சங்க உறுப்பினர் பட்டியலுக்கு அது போதும். அங்கே சாவி போடுவது எறும்புக்கு ஏணி வைக்கிற வேலை. ஆனால் லட்சம் பெயர்களில் முதல் 50 மட்டும் வேண்டும் என்றால், அந்த ஐம்பது எவை என்று அறியவே லட்சத்தையும் படித்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி அடுக்கினால், அச்சிட்ட பட்டியலுக்கும் இணையப் பட்டியலுக்கும் வரிசை பொருந்தாது. மாற்று விதி இணைத்துக்கொள்ளும் வழிக்கும் இடம் உண்டு. படிப்பதற்கு மட்டும் என்றால், மாற்று விதி மூல விதிக்கு நெருக்கமாக இருக்கும்வரை, பெரும்பாலும் அது வேலை செய்யும். எழுதப் புகுந்தால், தொடங்குவதற்கு முன் மாற்று விதிப்படி இன்டெக்ஸைக் கட்டவேண்டும், முடித்த பிறகு மூலச் செயலியில் மறுபடி கட்டவேண்டும். இரண்டில் ஒன்றை ஒருநாள் மறந்தால், முன்னே பார்த்த ‘மனம்’ காணாமல் போகும்.

சாவிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அது வரிசையைத் தருகிறதே தவிர, எந்த விதிப்படி அந்த வரிசை வந்தது என்று தானாகச் சொல்லாது; நாளை புதிய பெயர் சேர்ப்பவர் அதை அறிந்தாக வேண்டும். ஆகவே அதே கோப்பில் இன்னொரு சிறு அட்டவணை வேண்டும்: எந்த எழுத்துக்கு எந்த எண், இடைவெளிக்கு என்ன, தலைப்பெழுத்தை எங்கே வைத்தோம், விதியின் பதிப்பு எத்தனையாவது என்பவை அதில் இருக்கட்டும். தமிழுக்கு 247 வரிகள். ஜ, ஶ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஆறுக்கும் பதின்மூன்று பதின்மூன்றாகச் சேர்த்தால் 325. அதை எழுதிய செயலி மறைந்துபோன பிறகும், வேறொரு காலத்தில் வேறொரு கருவியில் அந்தக் கோப்பைத் திறப்பவர், 247-ஆவது வரியைப் பார்த்து, இந்தப் பட்டியலில் னகரம் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.